பூண்டும் மஞ்சளும் கொடுத்தும் இறால் வளரவில்லை: ஆலோசனை தேவை

கேள்வி:
வணக்கம். சிங்கப்பூரின் லிம் சூ காங்கில், நீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் உள்ளரங்கத் தொட்டிகளில் வனாமி இறால் வளர்க்கிறோம். குஞ்சு விட்டு 70 நாள்கள் ஆகின்றன. சில இறால்கள் 12 கிராம் இருக்க, அதே தொட்டியில் பல 5 கிராமைத் தாண்டவில்லை. தோலுரித்தவற்றின் ஓடு இறுகுவதற்குள் மற்றவை தின்றுவிடுகின்றன. காலையில் வலையில் தலையும் கால்களும்தான் வருகின்றன. ஊரில் மாமா தம் குட்டையில் பூண்டு கொடுத்ததை நினைத்து, தேக்கா சந்தையில் வாங்கிய பூண்டையும் மஞ்சள்தூளையும் கிலோ தீவனத்துக்கு 20 கிராம் வீதம் தண்ணீரில் குழைத்துத் தெளித்து, மூன்று வாரமாகக் கொடுக்கிறேன். பலனில்லை. அளவைக் கூட்டலாமா? கீழாநெல்லியும் சேர்க்கலாமா?

பதில் 1:
தம்பி, அளவைக் கூட்ட வேண்டாம். முதலில் மருந்து இறாலின் வயிற்றுக்குப் போகிறதா என்று பாருங்கள். மீனைப் போல இறால் தீவனத்தை விழுங்குவதில்லை. காலால் பிடித்துக் கொறித்துக் கொறித்துத் தின்பதால், வெறும் தண்ணீரில் குழைத்த பூச்சு அதற்குள் கழுவப்பட்டுவிடும். ஒரு கண்ணாடிக் குவளையில் தொட்டி நீரை எடுத்து நான்கைந்து தீவனக் குச்சிகளைப் போட்டு, அரை மணி கழித்துப் பாருங்கள். மஞ்சள் நீரில் அநேகமாகக் கரையாது. அடியில் மஞ்சள் வண்டல் படிந்திருந்தால் பூச்சு ஒட்டவில்லை என்று பொருள். பூண்டை நசுக்கினால்தான் கிருமிகளை எதிர்க்கும் அல்லிசின் உருவாகும்; நசுக்கிப் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு மீன் எண்ணெயோ ஜெலட்டினோ சேர்த்துப் பூசி, வெயிலில் வைக்காமல் நிழலில் உலர்த்துங்கள்.

ஆனால் ஓடு இறுகாததற்குப் பூண்டு விடையாகாது. உங்கள் நீரின் காரத்தன்மை, அதாவது அமிலத்தைச் சமன்செய்யும் திறன், எவ்வளவு?

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா. குவளையின் அடியில் மஞ்சள் அப்படியே படிந்திருந்தது. காரத்தன்மை லிட்டருக்கு 60 மில்லிகிராம். இதுவரை அளந்ததே இல்லை.

பதில் 2:
பெருங்காரணம் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். வடிகட்டியில் உள்ள நுண்ணுயிரிகள் ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்ற ஏறக்குறைய 7 கிராம் காரத்தன்மையைச் செலவழிக்கும். தீவனம் ஏற ஏற அது இறங்கிக்கொண்டே போகும். சோடியம் பைகார்பனேட்டைச் சிறிது சிறிதாகக் கலந்து, சில நாள்களில் 120க்குமேல் கொண்டுவாருங்கள். கால்சியம், மெக்னீசியம் அளவுகளையும் பாருங்கள்.

இறால்களின் எடையில் இவ்வளவு வேறுபாடு இருப்பதால், இஎச்பி (Enterocytozoon hepatopenaei) என்ற நுண்ணுயிரி இருக்கிறதா என்று, மரபணுவைக் கொண்டு கண்டறியும் பிசிஆர் சோதனையும் செய்ய வேண்டும். தாய்லாந்தில் 2009ஆம் ஆண்டு வகைப்படுத்தப்பட்ட இந்த ஒட்டுண்ணி, கல்லீரல்-கணையம் என்ற செரிமான உறுப்பில் குடியேறி, இறாலைக் கொல்லாமலே வளர்ச்சியை முடக்கும். அதைக் குணப்படுத்தும் மூலிகை கிடையாது. எச்சம் வழியே பரவுமாதலால், அந்தத் தொட்டியின் வலையை வேறு தொட்டியில் நனைக்காதீர்கள். கீழாநெல்லியைச் சோதிக்க விரும்பினால், முடிவு வந்தபின் ஒரு தொட்டியில் மட்டும் கொடுத்து, கொடுக்காத தொட்டியோடு வாரந்தோறும் எடைபோட்டு ஒப்பிடுங்கள். பிசிஆர் சோதனைக்குச் சிறிய இறால்களிலிருந்தே மாதிரி எடுங்கள். பெரியவற்றை மட்டும் அனுப்பினால் நோய் தெரியாமல் போகலாம்.