புதுப்பிப்பு: எஸ்.பி.பி. ரசிகர் குழுவை மூடியாச்சு

வேலூர் எஸ்.பி.பி. ரசிகர் குழுவை மூடிவிடலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பலரும் 'வேண்டாம்' என்றீர்கள். பொறுப்பேற்கத்தான் யாரும் வரவில்லை. சரி, ஞாயிற்றுக்கிழமை முடித்துவிட்டோம்.

ஆர்குட் என்ற பழைய சமூக வலைத்தளத்தில் தொடங்கிய கூட்டம் இது. 2014 செப்டம்பரில் ஆர்குட்டையே மூடியபோது ஃபேஸ்புக்குக்குக் குடிபெயர்ந்தோம். 2020 செப்டம்பர் 25-இல் எஸ்.பி.பி. மறைந்த பிறகு கொஞ்ச நாள் அஞ்சலிப் பதிவுகள். அப்புறம் காலை வணக்கமும் மனை விற்பனையும்தான் (காட்பாடிப் பக்கம் இவ்வளவு மனையா!).

குழுவை அழிக்கவில்லை, இடைநிறுத்தியிருக்கிறோம். பழைய பதிவுகளைப் படிக்கலாம், புதிதாக எழுத முடியாது. கேசட்டிலிருந்து மாற்றிய கச்சேரி ஒலிப்பதிவுகள் சத்துவாச்சாரி நண்பர் வீட்டு ஹார்டு டிஸ்கில் இருக்கின்றன. வேண்டுவோர் பென்டிரைவோடு வரலாம். கோட்டைப் பூங்காவில் கூடிப் பாடுவது மட்டும் தொடரும், அதற்கு அட்மின் தேவையில்லை.