காக்டெயில் செய்து கெட்ட பெயர் வாங்கியவர்கள் யாராவது உண்டா?

முத்துநகர் மருமகள்:

கல்யாணமாகி வந்த இரண்டாவது கிறிஸ்துமஸ். தூத்துக்குடியில் மாமியார் வீட்டில் மதியம் 35 பேர் சாப்பாடு. பிரியாணி பெரிய அத்தை பொறுப்பு. கேக்கும் மக்ரூனும் கடையில் சொல்லியாச்சு. "நீ என்னம்மா செய்யப்போற?" என்று கேட்டபோது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் "ஃப்ரூட் காக்டெயில்" என்றேன். பெரிய மாமா பேப்பரை இறக்கி என்னைப் பார்த்தார். "வெறும் பழம்தான் மாமா" என்று அவசரமாகச் சொன்னேன். அவர் முகத்தில் வந்தது நிம்மதியா ஏமாற்றமா என்று இன்றைக்கும் தெரியாது.

24ஆம் தேதி இரவு, நள்ளிரவுப் பூசைக்குக் கிளம்புவதற்குள் வேலையை முடித்துவிட நினைத்தேன். தப்பு அங்கேதான். அன்னாசி 2, ஆப்பிள் 1 கிலோ, ஒரு சீப்பு வாழைப்பழம், மாதுளை 4, கறுப்புத் திராட்சை ஒரு கிலோ. எல்லாவற்றையும் நறுக்கி எவர்சில்வர் அண்டாவில் போட்டு, காய்ச்சி ஆறவைத்த பால் 3 லிட்டரும் கண்டென்ஸ்டு மில்க் இரண்டு டின்னும் ஊற்றினேன். பிரிட்ஜின் தட்டுகளைக் கழற்றி வைத்துவிட்டு அண்டாவை உள்ளே தள்ளினோம்.

மறுநாள் மூடியைத் திறந்தால் மேலே தண்ணீர் தனியாக நிற்கிறது. ஆப்பிள் பழுத்த இலை நிறம். வாழைப்பழத் துண்டு விரலில் நிற்காமல் வழுக்குகிறது. மாதுளைச் சாயம் இறங்கி, பால் சாம்பல் கலந்த ரோஸ் நிறத்தில் திரிதிரியாகக் கிடக்கிறது. கரண்டியால் நன்றாகக் கலக்கினேன், கொஞ்சம் பார்க்கிற மாதிரி ஆனது. முதல் டம்ளர் சின்ன அத்தைக்கு. ஒரு வாய் குடித்தார். விழுங்கவுமில்லை, துப்பவுமில்லை. கன்னத்தில் அடக்கிக்கொண்டு மெதுவாக எழுந்து கொல்லைப்பக்கம் போனார். நானும் குடித்துப் பார்த்தேன். வேப்பங்கொழுந்தைப் பாலில் அரைத்த மாதிரி கசப்பு.

பழம் அழுகியிருக்கும், பால்காரர் ஏமாற்றிவிட்டார், பாத்திரத்தில் சோப்பு இருந்திருக்கும் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன், எல்லாம் அன்னாசியின் வேலை. அதில் புரோமிலைன் என்று ஒரு நொதி உண்டு. புரதத்தை வெட்டிப் போடுவதுதான் அதன் தொழில். வேகவைக்காத அன்னாசி நிறையச் சாப்பிட்டால் நாக்கு எரிகிறதே, அதிலும் இதற்குப் பங்கு உண்டு. இரவு முழுக்கப் பாலின் புரதத்தை அது நறுக்கித் தள்ளியிருக்கிறது. அந்தத் துணுக்குகள்தான் கசக்கின்றன. பால் திரிந்ததற்குப் பழங்களின் புளிப்பும் ஒரு கை கொடுத்திருக்கும். அன்னாசியைச் சர்க்கரை போட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்திருந்தால் நொதி செத்திருக்கும், என் மானமும் தப்பியிருக்கும்.

அடுத்த வருடத்திலிருந்து பாலையே விட்டுவிட்டேன். இப்போது செய்வது இப்படி. கம்பம் பன்னீர் திராட்சை 2 கிலோ. டிசம்பரிலும் கிடைக்கும், அந்தப் பள்ளத்தாக்கில் வருடம் முழுக்க அறுவடை உண்டு (2023இல் புவிசார் குறியீடுகூட வாங்கிவிட்டது). உப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, மூழ்குகிற அளவு தண்ணீர் விட்டு, தோல் வெடிக்கும்வரை கொதிக்கவைத்து, மசித்து வடிகட்டினால் கருஞ்சிவப்பாக ஒரு சாறு வரும். வீடே மணக்கும். சர்க்கரைப் பாகில் ஒரு துண்டுப் பட்டை, நாலு கிராம்பு, தட்டிய இஞ்சி. இவை இரண்டையும் முதல் நாளே செய்து பிரிட்ஜில் வைத்துவிடலாம். பழம் மட்டும் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால்தான் நறுக்க வேண்டும். ஆப்பிளை நறுக்க நறுக்க எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் போட்டால் கறுக்காது. வாழைப்பழம் பரிமாறும் நேரத்தில். ஐஸ் போடுவதாக இருந்தால் திராட்சைச் சாற்றையே டிபன் பாக்ஸில் ஊற்றி உறையவைத்துப் போடுங்கள். பெரிய கட்டி மெதுவாகக் கரையும், கரைந்தாலும் சுவை நீர்த்துப்போகாது. கடைசியில் பன்னீர் சோடா. அதை முன்கூட்டியே ஊற்றினால் கேஸ் போய் வெறும் சர்க்கரைத் தண்ணீர்தான் மிஞ்சும். ஆளுக்கு ஒரு டம்ளர், 180 மில்லி என்று வைத்தாலும் 35 பேருக்கு ஆறு லிட்டருக்கு மேல் வேண்டும். பாதி சாறு, பாதி பழம்.

உங்கள் கதையையும் சொல்லுங்கள். எனக்குத் துணை வேண்டும்.

கிள்ளான் அக்கா:

தங்கச்சி, சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எங்களுக்கு இந்தக் கசப்பு வந்ததே இல்லை. காரணம் எங்கள் சாமர்த்தியம் இல்லை, டின். மலேசியாவில் தீபாவளி திறந்த இல்ல உபசரிப்பு என்றால் காலையில் பத்து மணியிலிருந்து இரவுவரை ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். சீனர், மலாய்க்காரர், ஆபீஸ் ஆட்கள், பிள்ளைகளின் கூட்டாளிகள். யாருக்காகப் பழம் நறுக்குவது? டின் ஃப்ரூட் காக்டெயில், டின் லோங்கான் (லிச்சி மாதிரி ஒரு பழம்), அகார் அகார் (கடல்பாசி) துண்டுகள், ஐஸ், மேலே கொஞ்சம் எவாப்பரேட்டட் பால். டின்னில் இருக்கும் அன்னாசி சூட்டில் வெந்துதான் வருகிறது, அதனால் பாலோடு சண்டை போடாது.

எங்கள் வீட்டுச் சண்டை வேறு, செர்ரி. ஐந்து டின் உடைத்தாலும் விரல்விட்டு எண்ணுகிற மாதிரிதான் செர்ரித் துண்டு இருக்கும். ஒரு வருடம் விருந்தினர் வருவதற்கு முன்னாலேயே என் மகனும் அவன் சித்தப்பா மகனும் முள்கரண்டியோடு மேசைக்கடியில் உட்கார்ந்து அத்தனை செர்ரியையும் பொறுக்கித் தின்றுவிட்டார்கள். வெளிறிய பழமாக மிச்சம் கிடந்தது. கம்பெனிக்காரன் கஞ்சன் என்று நெடுநாள் திட்டிக்கொண்டிருந்தேன். பார்த்தால் அமெரிக்காவில் இதற்கு அரசாங்க விதியே இருக்கிறதாம். வடிகட்டிய பழ எடையில் பீச் 30 முதல் 50 சதவீதம், பேரிக்காய் 25 முதல் 45, திராட்சை 6 முதல் 20, அன்னாசி 6 முதல் 16, செர்ரி வெறும் 2 முதல் 6. விதியே அப்படி என்றால் பிள்ளைகள் மேசைக்கடியில் உட்காராமல் என்ன செய்வார்கள்?

ஒன்று மட்டும் சொல்கிறேன். டின் பாகை அப்படியே ஊற்றாதீர்கள். வடித்துத் தனியாக வைத்து, ருசி பார்த்துப் பார்த்துச் சேருங்கள். லோங்கான் பாகும் இதுவும் சேர்ந்தால் தொண்டை கட்டிவிடும்.

யாழ்ப்பாணத்துக் குசினி:

எனக்கும் அன்னாசிதான் எதிரி, ஆனால் வேறு விதம். நத்தார் (கிறிஸ்துமஸ்) அன்று மச்சாள் குடும்பம் கொழும்பிலிருந்து வருகிறார்கள் என்று, கண்ணாடிக் கோப்பைகளில் அடுக்கடுக்காகச் செய்யலாம் என நினைத்தேன். அடியில் சிவப்பு ஜெலி, அதற்குள் பழத்துண்டு, மேலே பெஷன் ஃப்ரூட் சாறு, அதற்கு மேலே ஐஸ்கிரீம். அன்னாசியும் பப்பாசியும் வளவில் காய்த்தவை. ஜெலி பக்கற்றைக் கரைத்து ஊற்றி, பழத்தைப் போட்டு, இரவு பிரிட்ஜில் வைத்தேன். காலையில் பார்த்தால் தண்ணீர். மத்தியானம் பார்த்தாலும் தண்ணீர். பக்கற் பழசு என்று நினைத்து இன்னும் இரண்டு வாங்கி வந்து ஊற்றினேன். அதுவும் தண்ணீர்! ஜெலற்றினும் ஒரு புரதம்தானே, அன்னாசி அதையும் விட்டுவைக்காது. பப்பாசிக்கும் அதே குணம்.

கடைசியில் எல்லாவற்றையும் ஒரு பெரிய சட்டிக்குள் கவிழ்த்து, தேசிக்காய்ப் புளியும் (எலுமிச்சைச் சாறு) ஐஸும் போட்டு, "இது பஞ்ச்" என்று கொடுத்துவிட்டேன். மச்சாள் செய்முறை கேட்டு எழுதிக்கொண்டு போனா. இன்னும் உண்மையைச் சொல்லவில்லை.

கீழக்கரை:

ஜெலட்டின் எதற்கு? கடல்பாசி இருக்கிறதே. அது பாசியிலிருந்து எடுப்பது, புரதம் கிடையாது, அன்னாசி அதை ஒன்றும் செய்ய முடியாது. ஒருமுறை இறுகிவிட்டால் வெயிலில் வைத்தாலும் உருகாது. நோன்பு திறக்கும் நேரத்துக்கு எங்கள் லாத்தா (அக்கா) நன்னாரி சர்பத்தில் பழம், ஊறவைத்த சப்ஜா விதை, சதுரமாக வெட்டிய கடல்பாசி எல்லாம் போட்டுத் தருவார். பாலில் காய்ச்சிய கடல்பாசி வேண்டாம், தண்ணீரில் காய்ச்சியது. சப்ஜாவை மறக்காமல் ஊறவையுங்கள். என் தம்பி ஒரு வருடம் அப்படியே தூவிவிட்டான், ஒவ்வொருவர் பல்லிலும் கறுப்புப் பொட்டு.

பேக்கரிக்காரன், கோவை:

அக்கா செர்ரி என்றதும் ஞாபகம் வந்தது. நம் ஊர் பேக்கரிகளில் கேக் மேல் உட்கார்ந்திருக்கும் சிவப்புச் செர்ரி பெரும்பாலும் செர்ரியே இல்லை, பாகில் ஊறிச் சாயம் ஏறிய களாக்காய். டூட்டி ஃப்ரூட்டி என்பது பப்பாளிக்காய். தின்ன நன்றாகத்தான் இருக்கும், நானே தின்பேன். ஆனால் காக்டெயிலில் முன்கூட்டிப் போட்டால் சாயம் இறங்கி அத்தனை பழமும் ஒரே நிறமாகிவிடும். டம்ளரில் ஊற்றிய பிறகு மேலே வையுங்கள்.

முத்துநகர் மருமகள்:

கீழக்கரைக்கு நன்றி, இந்த வருடம் கடல்பாசி போட்டேன். வேகவைக்காத அன்னாசியையும் துணிந்து போட்டேன். இறுகியது இறுகியபடியே இருந்தது. ஆனால் அத்தை தட்டில் கொட்டி வெட்டும்போது ஒரு துண்டு நழுவி அடுப்படியில் ஓட, அதைப் பிடிக்கிறேன் என்று வாண்டுகள் ஓட, பாதிக் கடல்பாசி தரையில்தான். மிச்சத்தைக் கழுவி, மன்னிக்கவும், மிச்சத்தைப் போட்டோம்.

சின்ன அத்தைக்கு முதல் டம்ளரை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கியவர் என்னைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார், "நீ முதல்ல குடி" என்றார். குடித்துக் காட்டினேன். அதற்குப் பிறகுதான் அவர் வாயில் வைத்தார்.

பெரிய மாமா மூன்று டம்ளர். மூன்றாவதை வாங்கும்போது பக்கத்தில் யாரும் இல்லையே என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "நெசமாவே இதுல ஒண்ணும் கலக்கலையா?"

"இஞ்சி கலந்திருக்கு மாமா."

"ம்" என்று சொல்லிவிட்டுத் திண்ணைக்குப் போய்விட்டார்.