கயலின் பள்ளிக்கூட விஷயம் (குடும்பக் குழு உரையாடல்)

சித்தப்பா (லெஸ்டர், இங்கிலாந்து): அனைவருக்கும் வணக்கம். பர்மிங்காமில் உள்ள எல்ம்ஹர்ஸ்ட் பாலே நடனப் பள்ளியில் எங்கள் மகள் கயலுக்கு இடம் கிடைத்திருக்கிறது. விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் சொல்ல வேண்டியிருப்பதால் பெரியவர்களிடம் கேட்கிறேன்.

பெரியப்பா: சந்தோஷம். ஆனால் ஆடிப் பிழைக்க முடியுமா?

சித்தப்பா: முடியும், அண்ணா. 2020 முதல் பர்மிங்காம் ராயல் பாலே என்ற நடனக் குழுவின் இயக்குநராக இருக்கும் கார்லோஸ் அகோஸ்டா, கியூபாவின் ஹவானாவில் லாரி ஓட்டுநர் ஒருவரின் பதினோராவது பிள்ளை. தெருவில் திரிந்த பையனைக் கட்டிப்போட வழி தெரியாமல், கட்டணம் இல்லாத அரசு பாலே பள்ளியில் அப்பாதான் கொண்டுபோய்ச் சேர்த்தார். 1990இல் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் நடந்த பாலே போட்டியில் தங்கம் வென்று, 18 வயதில் லண்டனில் இங்கிலீஷ் நேஷனல் பாலேயில் சேர்ந்து, 1993இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் பாலேக்குப் போய், 1998இல் லண்டன் ராயல் பாலேக்கு வந்தார்.

ரவி அண்ணன்: சித்தப்பா கட்டுரையை முடிப்பதற்குள் நான் காபி குடித்துவிட்டு வருகிறேன்.

அத்தை: அப்பாவே கொண்டுபோய்ச் சேர்த்தாராமா? எனக்குச் சலங்கை பூஜை முடிந்த மறுமாதமே வகுப்பை நிறுத்தச் சொன்னவர் இந்தக் குழுவில்தான் இருக்கிறார்.

பெரியப்பா: அது அப்பா எடுத்த முடிவு. காலில் அடிபட்டால் குழந்தை என்ன செய்வாள்?

சித்தப்பா: அகோஸ்டாவுக்கும் இங்கிலீஷ் நேஷனல் பாலேயில் சேர்ந்த புதிதில் கணுக்காலில் அறுவைச் சிகிச்சை நடந்தது, ஹவானாவுக்குத் திரும்பி, கால் தேறிய பிறகுதான் மறுபடி ஆடினார். 2015இல் ராயல் பாலேயிலிருந்து விடைபெற்றபோது அவருக்கு வயது 42. அதற்குப் பிறகு சொந்தக் குழு, இயக்குநர் பதவி என்று அவருக்கு அமைந்தது. எல்லாருக்கும் அப்படி அமையாது என்பதையும் நான் மறைக்கவில்லை.

சித்தி: கட்டணத்துக்கு, பெற்றோரின் வருமானம் பார்த்து அரசு உதவி தருகிறது. எனக்கு, கால்விரல் நுனியில் நின்று ஆடப் போடும் பாயின்ட் ஷூவின் செலவுதான் கவலை. துணி, காகிதம், பசை வைத்துச் செய்த அதன் முனை வியர்வையில் இளகிவிடும். பெரிய வேடம் ஆடுபவர்களுக்கு ஒரே நிகழ்ச்சியில் ஒரு ஜோடி போய்விடுமாம். ரிப்பனையும் நாமேதான் தைக்க வேண்டும்.

ரவி அண்ணன்: தைப்பதற்கு அத்தையை அனுப்பிவைப்போம்.

அத்தை: டிக்கெட்டை நீ போடு, நாளைக்கே கிளம்புகிறேன்.

பெரியப்பா: டிக்கெட் என்றதும் நினைவுக்கு வருகிறது. அப்பா திதிக்கு நீ வருகிறாயா, தம்பி?

சித்தப்பா: அண்ணா, முதலில் வெள்ளிக்கிழமைக்குப் பதில் சொல்லுங்கள்.

பெரியப்பா: கயல் என்ன சொல்கிறாள்?

சித்தி: நேற்றே பெட்டி கட்டிவிட்டாள், மாமா.

பெரியப்பா: கணக்கும் அறிவியலும் அங்கே ஒழுங்காக நடக்கிறதா என்று விசாரித்துவிட்டு, இரவு எனக்கு ஃபோன் செய். குழுவில் வேண்டாம்.