கண் அசரும்போது மகனுக்கு உடம்பு தூக்கிப்போடுகிறது
ஆட்டிசம் உள்ள என் மகனுக்கு 15 வயது. மதுரையில் இருக்கிறோம். பொதுத்தேர்வு நெருங்கியதிலிருந்து, கண் அசரும் நேரத்தில் காலோ தோளோ வெடுக்கென்று துள்ளி விழித்துக்கொள்கிறான். அப்புறம் படுக்கவே பயம். போர்வையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பான். ஆழ்ந்து தூங்கிய பிறகு வருவதில்லை, பகலிலும் இல்லை. நினைவு தப்புவதில்லை.

மாலைக் காபியை நிறுத்தினோம், செல்போனை 8 மணிக்கே வாங்கி வைக்கிறோம். கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. தூக்கம் வரும்போது தசை தானாகத் துள்ளும் ஹிப்னிக் ஜெர்க்தான், பதற்றத்தில் கூடும் என்கிறார் டாக்டர். சரி. ஆனால் ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வலிப்பு வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால் மனசு கேட்கவில்லை. ஈஈஜி (மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் சோதனை) எடுக்கலாம் என்றால், தலையில் சீப்பு பட்டாலே கத்துபவன் அத்தனை வயர்களை ஒட்ட விடமாட்டான்.

இப்படிப்பட்ட பிள்ளைக்கு ஈஈஜி எடுத்தவர்கள், எப்படித் தயார்படுத்தி அழைத்துப் போனீர்கள்?