ஆதியாகமம் 10: ஆட்களின் பெயர்களா, நாடுகளின் பெயர்களா?

ஞாயிறுபள்ளி ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியில் பெரிய பிள்ளைகளின் வகுப்பை நடத்தி வருகிறேன். சென்ற வாரம் ஆதியாகமம் பத்தாம் அதிகாரத்தைப் பாடமாக எடுத்துக்கொண்டு, நோவாவின் குமாரரான சேம், காம், யாப்பேத் ஆகிய மூவரிலிருந்து பிரிந்த ஜாதிகளைக் கரும்பலகையில் ஒரு வம்ச மரமாக வரைந்து காட்டினேன். பலகை நிறைந்த பிறகு முன்வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்து, "மிஸ், சேபாவும் ஆவிலாவும் காமின் கிளையிலும் இருக்கிறார்கள், சேமின் கிளையிலும் இருக்கிறார்கள். ஒரே ஆளுக்கு எப்படி இரண்டு அப்பா?" என்று கேட்டாள்.

அவள் கேட்டது சரிதான். 7ஆம் வசனத்தில் கூஷின் வழியில் வரும் அதே பெயர்கள் 28, 29ஆம் வசனங்களில் யொக்தானின் வழியிலும் வருகின்றன. ஒரே பெயரில் வேறு வேறு ஆட்கள் இருந்திருக்கலாம் என்று அப்போதைக்குச் சொல்லி வைத்தேன். ஆனால் அந்தப் பதில் எனக்கே நிறைவாக இல்லை. வீட்டுக்கு வந்து மறுபடியும் வாசித்தபோது இன்னொரு கேள்வியும் எழுந்தது. கானானியரின் மொழி எபிரெயத்துக்கு மிக நெருக்கமானது என்று படித்திருக்கிறேன். அப்படியானால் கானான் சேமின் மகனாக அல்லவா இருக்க வேண்டும்? அவன் ஏன் காமின் மகனாகச் சொல்லப்படுகிறான்? வேதத்தையும் வரலாற்றையும் மதித்துப் படிப்பவர்கள் விளக்கினால், அடுத்த வாரம் அந்தப் பிள்ளைக்கு நேர்மையான பதிலைச் சொல்ல முடியும்.

எபிரெயம் பயில்பவர் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். அந்த மாணவியின் கேள்வி இந்த அதிகாரத்தின் வாசலையே திறந்துவிடுகிறது. முதலில், நம் தமிழ் மொழிபெயர்ப்பினால் நேரும் ஒரு தடையைச் சொல்லிவிடுகிறேன்.

நாம் பரவலாக வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் பத்தாம் அதிகாரத்தில் 'மிஸ்ராயீம்' என்று படிக்கிறோம். யாத்திராகமத்தில் 'எகிப்து' என்று படிக்கிறோம். எபிரெயத்தில் இரண்டும் ஒரே சொல். அதேபோல் இங்கே 'கூஷ்' என்று இருப்பது ஆமோஸ் 9:7இல் 'எத்தியோப்பியர்' ஆகிறது. 'ஆராம்' சீரியா ஆகிறது. 'அசூர்' அசீரியா ஆகிறது. 'மாதாய்' மேதியர் ஆகிறது. தானியேல் 8:21இல் 'கிரேக்கு தேசத்தின் ராஜா' என்று வரும் இடத்தில் மூலத்தில் இருப்பது 'யாவான்' என்ற பெயர்தான். எபிரெயத்தில் வாசித்த ஒருவருக்கு இந்த அதிகாரம் "காமின் குமாரர்: எத்தியோப்பியா, எகிப்து, லிபியா, கானான்" என்றுதான் காதில் விழுந்திருக்கும். நமக்கோ பெயர்கள் இரண்டாகப் பிரிந்துவிட்டதால், இங்கே ஆட்களையும் மற்ற இடங்களில் நாடுகளையும் பார்க்கிறோம்.

இந்த 'யாவான்' தமிழருக்கு அயலான சொல்லும் அன்று. ஆசியா மைனரின் (இன்றைய துருக்கியின்) மேற்குக் கரையில் வாழ்ந்த அயோனியக் கிரேக்கரின் பெயரே எபிரெயத்தில் யாவான் என்றும், பழம் பாரசீகத்தில் யௌனா என்றும் வழங்கியது. அந்தப் பெயர்தான் வட இந்திய மொழிகள் வழியாக நம்மிடம் 'யவனர்' என்று வந்து சேர்ந்தது. முசிறிக்குப் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய சங்கப் பாடல்களின் யவனருக்கும் யாப்பேத்தின் மகனான யாவானுக்கும் பெயர் ஒன்றே.

இனி வசனங்களின் இலக்கணத்தைப் பாருங்கள். 13, 14ஆம் வசனங்களில் மிஸ்ராயீம் பெற்றவர்களாகச் சொல்லப்படும் லூதீம், அனாமீம், லெகாபீம், பத்ருசீம் ஆகிய பெயர்களின் இறுதியில் உள்ள 'ஈம்', நம் 'அர்' விகுதியைப் போன்ற பன்மை விகுதி. பத்ருசீம் என்றால் பத்ரோஸ் எனப்பட்ட மேல் எகிப்தில் வாழ்வோர். கானான் எபூசியரையும் எமோரியரையும் கிர்காசியரையும் பெற்றான் என்ற வாக்கியத்தைத் தமிழிலேயே நிதானமாகப் படித்தாலும், ஒரு மனிதன் முழு மக்களினங்களைப் 'பெறுவதாக' அது பேசுவது தெரியும். 'பெற்றான்', 'குமாரர்' ஆகிய உறவுச் சொற்களைக் கொண்டு நாடுகளுக்கும் நகரங்களுக்கும் இடையிலான தொடர்பைச் சொல்வது அக்காலத்து வழக்கம். சீதோன் ஒரு துறைமுக நகரம். அது கானானின் தலைப்பிள்ளையாகச் சொல்லப்படுகிறது.

இந்தக் கண்ணோடு பார்த்தால் சேபாவின் சிக்கல் அவிழ்கிறது. சேபா என்பது இன்றைய ஏமனில், மாரிப் நகரை மையமாகக் கொண்டு வாசனைப் பொருள் வணிகத்தில் செழித்த நாடு. யொக்தானின் வழியில் அதே பட்டியலில் வரும் அசர்மாவேத் இன்றைக்கும் ஹத்ரமவுத் என்ற பெயரோடு ஏமனில் இருக்கிறது. எனவே சேபா தென் அரேபியக் குலங்களோடு சேமின் கிளையில் நிற்பது இயல்பு. ஆனால் செங்கடலின் மறுகரையிலும் அம்மக்களின் தடம் பதிந்திருக்கிறது. எத்தியோப்பிய மேட்டுநிலத்தில் யேஹா என்ற ஊரில் தென் அரேபியப் பாணியில் கட்டப்பட்ட பழைய கற்கோயில் இன்னும் நிற்கிறது. அந்தப் பகுதியில் சபேய (அதாவது சேபா நாட்டு) எழுத்துக் கல்வெட்டுகளும் கிடைத்திருக்கின்றன. இரு கரைகளிலும் வாழ்ந்த மக்களை ஒரு மரபு கூஷோடும் மற்றொரு மரபு யொக்தானோடும் சேர்த்து நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆதியாகமம் 25:3இல் ஆபிரகாமுக்குக் கேத்தூராள் வழியாகப் பிறந்த யக்ஷானின் மகனாக மூன்றாம் முறையும் சேபா வருவதைக் கவனியுங்கள். ஓர் ஆளுக்கு மூன்று தகப்பன்மார் இருக்க முடியாது. ஒரு வணிக நாட்டுக்கு மூன்று திசைகளில் உறவு இருக்க முடியும். தமிழில் இன்னொரு குழப்பமும் சேர்கிறது: 7ஆம் வசனத்தில் இருமுறை வரும் 'சேபா' எபிரெயத்தில் வேறு வேறு முதல் எழுத்துகளைக் கொண்ட இரு பெயர்கள். நம் எழுத்தில் அந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது.

கானானைப் பற்றிய உங்கள் ஐயம் முற்றிலும் நியாயமானது. கானானியரின் மொழியும் எபிரெயமும் உடன்பிறப்புகளே. ஏசாயா 19:18 எபிரெயத்தையே 'கானான் பாஷை' என்கிறது. ஆயினும் கானான் எகிப்தின் சகோதரனாக வைக்கப்பட்டதற்கு அரசியல் காரணம் இருந்தது. கி.மு. 15ஆம் நூற்றாண்டில் எகிப்திய அரசன் மூன்றாம் துத்மோஸ் கானானிலுள்ள மெகிதோவில் வென்றதிலிருந்து ஏறக்குறைய 300 ஆண்டுகள் கானான் எகிப்தின் ஆளுகையில் இருந்தது. 1887இல் எகிப்தின் அமர்னாவில் கிடைத்த களிமண் மடல்களில், எருசலேமின் தலைவன் அப்தி-ஹெபா பார்வோனிடம் வில்வீரர்களை அனுப்பும்படி மன்றாடுவதை இன்றும் படிக்கலாம். அந்த நினைவுதான் கானானை மிஸ்ராயீமின் பக்கத்தில் நிறுத்தியது என்று எண்ணுகிறேன். ஏலாமின் நிலை இதற்கு நேர் எதிர். அதன் மொழி எபிரெயத்தோடு எந்த உறவும் இல்லாதது. ஆனால் அது அசீரியா, பாபிலோன் ஆகியவற்றின் அண்டை நாடாக இருந்ததால் சேமின் மகனாயிற்று. எபிரெயம், அரபு முதலிய மொழிகளின் குடும்பத்தைக் குறிக்கும் 'செமிட்டிக்' (சேமின் வழி) என்ற மொழியியல் சொல்லை 1781இல் ஷ்லோட்சர் என்ற ஜெர்மானிய அறிஞர் இந்த அதிகாரத்திலிருந்துதான் எடுத்தார். அந்தப் பிற்காலப் பொருளை மூலத்தின் மேல் ஏற்றிப் படிப்பதால்தான் நமக்கு இந்தத் தடுமாற்றம்.

தொல்லியல் வாசகர் எழுதியது:

மேலே உள்ள விளக்கத்தோடு உடன்படுகிறேன். இந்தப் பட்டியல் எக்காலத்து உலகத்தைக் காட்டுகிறது என்பதைப் பற்றி மட்டும் சிறிது சேர்க்க விரும்புகிறேன்.

யாப்பேத்தின் வழியில் வரும் பெயர்கள் அசீரியக் களிமண் பலகைகளில் அப்படியே கிடைக்கின்றன. கோமர் என்பது கிமிர்ராய். அதாவது கருங்கடலுக்கு வடக்கிலிருந்து வந்த சிம்மேரியர். அஸ்கினாஸ் என்பது அஷ்குசாய், சித்தியர். தூபாலும் மேசேக்கும் இன்றைய துருக்கியின் நடுப்பகுதியில் இருந்த தபால், முஷ்கி நாடுகள். சிம்மேரியரைப் பற்றிய செய்தி கி.மு. 8ஆம் நூற்றாண்டின் இறுதியில், அசீரிய அரசன் இரண்டாம் சர்கோனின் காலத்து ஒற்றர் மடல்களில்தான் முதன்முதலாக வருகிறது. ஆகவே பட்டியல் இன்றைய வடிவத்தைப் பெற்றது அதற்குப் பிறகே இருக்க வேண்டும். மறுபுறம், கி.மு. 6ஆம் நூற்றாண்டில் உலகையே ஆண்ட பாரசீகத்தின் பெயர் இதில் இல்லை. மாதாய் இருக்கிறது, பாரசீகம் இல்லை. ஆகவே பாரசீக அரசன் கோரேசின் எழுச்சிக்கு முன் பட்டியலின் உருவம் முடிந்துவிட்டது என்று பலர் கருதுவதில் பொருள் இருக்கிறது. அதற்குள்ளும் இன்னும் பழைய படலங்கள் தெரிகின்றன: சீதோன் இருக்கிறது, பின்னாளில் அதை விஞ்சி நின்ற தீரு இல்லை.

இதே அதிகாரத்தின் 14ஆம் வசனத்தில் வரும் பெலிஸ்தரைப் பற்றியும் ஒரு சொல். அவர்கள் கப்தோரிலிருந்து வந்தவர்கள் என்று ஆமோஸ் சொல்கிறார். கப்தோரை ஆய்வாளர்கள் பெரும்பாலும் கிரேத்தா தீவாகக் கொள்கிறார்கள். எகிப்தின் மெதினெத் ஹாபு கோயில் சுவரில், மூன்றாம் ராம்சேஸ் தன் எட்டாம் ஆட்சியாண்டில் கடல்வழி வந்தவர்களோடு போரிட்ட காட்சி செதுக்கப்பட்டுள்ளது. தோற்றவர்களுள் 'பெலெசெத்' என்போர் இருக்கிறார்கள். பெலிஸ்தரின் நகரமான அஸ்கலோனில் வீட்டுத் தரைகளின் கீழ் அடக்கம் செய்யப்பட்ட இரும்புக்காலக் குழந்தைகளின் எலும்புகளிலிருந்து மரபணுக்களைப் பிரித்து ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார்கள். அவற்றில் தென் ஐரோப்பிய மரபின் பங்கு தெளிவாகத் தெரிந்தது. சில நூற்றாண்டுகளில் அது உள்ளூர் மக்களோடு கலந்து ஏறக்குறைய மறைந்தும் விட்டது. தீர்க்கதரிசியின் நினைவில் இருந்த ஒரு குடிப்பெயர்ச்சி இவ்வளவு காலம் கழித்துக் குழந்தைகளின் எலும்பில் தெரிய வந்ததைப் படித்த நாளில், வெகுநேரம் வேறு எதையும் என்னால் நினைக்க முடியவில்லை.

ஞாயிறுபள்ளி ஆசிரியை எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. காம் சபிக்கப்பட்டதால்தான் ஆப்பிரிக்க மக்கள் அடிமைகளானார்கள் என்று சிறுவயதில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பிள்ளைகளில் சிலரும் அதைக் கேள்விப்பட்டிருக்கிறார்கள். இரண்டாவதாக, நாம் எந்தக் கிளையில் வருகிறோம் என்று வகுப்பில் யாராவது நிச்சயம் கேட்பார்கள்.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் எழுதியது:

அம்மா, முதல் கேள்விக்குத் தயக்கமின்றி, உறுதியாகப் பதில் சொல்லுங்கள். ஆதியாகமம் 9:25இல் நோவா சபிப்பது கானானை, காமை அன்று. கூஷின் பெயரும் மிஸ்ராயீமின் பெயரும் அந்தச் சாபத்தில் இல்லவே இல்லை. நிறத்தைப் பற்றியும் அந்தப் பகுதியில் ஒரு சொல் கிடையாது. அப்படியிருந்தும் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அடிமை முறையைத் தாங்கிப் பேசியவர்கள், பிரசங்க மேடைகளிலேயே இந்த வசனத்தைத் திரித்துப் பயன்படுத்தினார்கள். 'ஹாமிட்டிக்' (காமின் வழி) என்ற பெயரில் 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பியர் கட்டிய இனக் கொள்கை வேறு வழியில் கேடு செய்தது. ருவாண்டாவில் துத்சிகளை வெளியிலிருந்து வந்த உயர்ந்த இனமாகவும் ஹூட்டுகளைத் தாழ்ந்தவர்களாகவும் அது பிரித்துக் காட்டியது. பெல்ஜியக் காலனி ஆட்சி அந்தப் பிரிவை அடையாள அட்டையில் அச்சிட்டது. 1994 இனப்படுகொலையின்போது சாலைத் தடைகளில் அந்த அட்டையைப் பார்த்தே ஆட்களைக் கொன்றார்கள். பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ளும் வயதில் இருந்தால் மறைக்காதீர்கள்.

நம்மைப் பற்றிய கேள்விக்கு நேரான பதில்: இந்தப் பட்டியலில் நாம் இல்லை. அதன் கிழக்கு எல்லை ஏலாமும் மேதியாவும் ஆகும். இந்தியா எபிரெய வேதத்தில் 'ஹோது' என்ற பெயரில் எஸ்தரின் புத்தகத்தில்தான் வருகிறது. ஏலாமின் மொழி திராவிட மொழிகளோடு உறவுடையது என்று டேவிட் மெக்கால்பின் 1981இல் விரிவாக வாதிட்டார். மொழியியலாளரில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. அதை வைத்து நம்மைச் சேமின் பிள்ளைகளாக்குவது முறையன்று.

ஒரு சிறு குறிப்பும் உண்டு. பழைய மொழிபெயர்ப்பில் உள்ள 'ஜாதிகள்' என்ற சொல்லை வகுப்பில் கட்டாயம் விளக்கிவிடுங்கள். அங்கே அதன் பொருள் மக்களினம், நாடு. இன்று அந்தச் சொல்லைக் கேட்கும் ஒரு பிள்ளையின் மனத்தில் எழுவது வேறொன்று.

எபிரெயம் பயில்பவர் எழுதியது:

சகோதரி, அடுத்த வாரம் வம்ச மரத்துக்குப் பதிலாக ஒரு வரைபடத்தைத் தொங்கவிட்டு, பெயர்களை அந்தந்த இடங்களில் பிள்ளைகளையே ஒட்டச் சொல்லுங்கள். வடக்கிலும் மேற்கிலும் யாப்பேத், தெற்கில் காம், கிழக்கில் சேம் என்று பெரும்பாலும் அவர்களாகவே கண்டுகொள்வார்கள். ஒட்டி முடித்த பிறகு, இதில் இஸ்ரவேல் எங்கே என்று கேளுங்கள்.

எங்கும் இல்லை. 'எபிரெயர்' என்ற பெயரோடு ஒலி ஒத்துவரும் ஏபேர் இருக்கிறான், அவ்வளவுதான். பாபிலோனியரின் படைப்புக் கதையில் உலகம் உண்டானவுடன் பாபிலோன் நகரம் எழும்புகிறது. எபிரெய வேதமோ எகிப்து, அசீரியா, பாபேல் எல்லாவற்றையும் பெயர் சொல்லி வரிசைப்படுத்திய பிறகே ஆபிரகாமை அழைக்கிறது. அண்டை நாடுகளையும் அது உறவு சொல்லித்தான் அறிமுகப்படுத்துகிறது: மோவாபும் அம்மோனும் லோத்தின் பிள்ளைகள், ஏதோம் யாக்கோபின் கூடப்பிறந்த ஏசா. 1868இல் தீபோனில் கிடைத்த மோவாபிய அரசன் மேசாவின் கல்வெட்டை நான் முதன்முதலில் எழுத்துக்கூட்டிப் படித்தபோது, எபிரெயம் மட்டுமே தெரிந்த எனக்கு வரிக்கு வரி பொருள் விளங்கியது. பன்மைக்கு 'ஈம்' வரவேண்டிய இடத்தில் 'ஈன்' வருகிறது, அது போன்ற சிறு வேறுபாடுகள்தான். லோத்து ஆபிரகாமின் சகோதரனுடைய மகன் என்ற உறவு அந்தக் கருங்கல்லில் மொழியாகவே நின்றது.

யூத மரபு இந்த அதிகாரத்தின் பெயர்களை எழுபது ஜாதிகள் என்று எண்ணியது. எண்ணாகமம் 29இல் கூடாரப் பண்டிகையின் ஏழு நாட்களுக்கும் சொல்லப்பட்ட காளைகளைப் பிள்ளைகள் கூட்டிப் பார்க்கட்டும்: முதல் நாள் 13, அடுத்த நாள் 12, அப்படியே குறைந்து ஏழாம் நாள் 7. மொத்தம் 70. இந்தக் காளைகள் எழுபது ஜாதிகளுக்காகவும் செலுத்தப்பட்டவை என்று யூதரின் மரபு விளக்க நூலான தல்மூத் விளக்குகிறது.