ஹீலியோஸ் 44-2: பின்னணி ஏன் சுழல்கிறது?

கேள்வி:
வணக்கம். ஹீலியோஸ் 44-2 (58 மி.மீ., எஃப்/2) லென்ஸில் எடுத்த படங்களில் ஆளைச் சுற்றியுள்ள இலைகள் சுழல்வதுபோல் தெரிகின்றன, என் புதிய 50 மி.மீ. லென்ஸிலோ அதே மரத்தடியில் பின்னணி வழவழவென்று கரைந்துவிடுகிறது. காரணம் என்ன? ஏபிஎஸ்-சி (சிறிய சென்சார் கொண்ட) மிரர்லெஸ் கேமராவுக்கு ஹீலியோஸை வாங்கலாமா?

மறுமொழி 1:
சோவியத் ஒன்றியத்தில் ஜெனிட் கேமராக்களுக்காகத் தயாரான அந்த லென்ஸ், கார்ல் ஜெய்ஸ் ஜெனாவின் பயோட்டார் வடிவமைப்பின் வழிவந்தது. ஒளி நுழையும் துளையை முழுதாக (எஃப்/2) திறக்கும்போது, ஓரத்திலிருந்து சாய்வாக வரும் ஒளியின் ஒரு பகுதியை லென்ஸ் குழலின் விளிம்பே மறைத்துவிடுவதால், நடுவில் வட்டமாக விழும் ஒளிப்புள்ளி ஓரங்களில் பூனைக்கண்போல் ஒடுங்குகிறது. ஒடுங்கிய புள்ளிகள் படத்தின் மையத்தைச் சுற்றி வளையமாக அணிவகுப்பதே சுழற்சியாகத் தோன்றுகிறது. துளையைச் சுருக்கி எஃப்/4 வைத்தால் சுழற்சி பெரும்பாலும் மறைந்துவிடும்.

மறுமொழி 2:
ஹீலியோஸின் எம்42 திருகு மவுண்ட்டை உங்கள் கேமராவில் பொருத்தும் அடாப்டர் போதும்; ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். ஆனால் ஏபிஎஸ்-சி சென்சார் அந்த ஓரங்களையே வெட்டிவிடுவதால், பெரிய சென்சார் கொண்ட முழுச்சட்டகக் கேமராவில் கிடைக்கும் அளவுக்குச் சுழற்சி கிடைக்காது. வெற்றுச் சுவருக்கு முன் ஒன்றும் நடக்காது. ஆளுக்குச் சில மீட்டர் பின்னால், வெயில் ஊடுருவும் இலைக்கூட்டம் வேண்டும்.

மறுமொழி 3:
எனக்கென்னவோ சுழற்சி சீக்கிரம் சலித்துவிடுகிறது. மேயர் ஆப்டிக் ட்ரையோபிளான் 100 மி.மீ. லென்ஸில், கோளப் பிறழ்ச்சியின் (லென்ஸின் நடுவிலும் ஓரத்திலும் நுழையும் ஒளி ஒரே இடத்தில் குவியாத குறை) விளைவாக ஒவ்வொரு புள்ளியும் விளிம்பு மின்னும் சோப்புக் குமிழியாக நிற்கும். பனித்துளி படிந்த புல்லை எடுக்க அதையே விரும்புவேன், விலைதான் கையைக் கடிக்கும்.