அமெரிக்கச் சிறுகதை வடிவத்த மாத்துனது எழுத்தாளரா, பத்திரிகையா?

கடைசிபெஞ்ச்: சிறுகதைய எழுத்தாளருங்கதான் செதுக்குனாங்கன்னு இங்க எல்லாரும் பேசுறீங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. எட்கர் ஆலன் போ 1842ல ஹாதார்ன்ங்கற எழுத்தாளரோட கதைகளுக்கு விமர்சனம் எழுதுறப்ப, ஒரே மூச்சுல படிச்சு முடிக்கிற அளவுல இருக்கணும், எல்லா வரியும் ஒரே விளைவ நோக்கிப் போகணும்னாரு, சரி, ஆனா அவரு பொழப்பே பத்திரிகைதானே? ஓ. ஹென்றிக்கு நியூயார்க் வேர்ல்டு பேப்பருக்கு வாராவாரம் ஒரு கதை குடுத்தாகணும், கடைசில ஒரு திருப்பம் வச்சாச்சு, அவ்ளோதான்.

ராஜி: அப்ப ஷெர்வுட் ஆண்டர்சன எதுல சேப்பீங்க? 1919ல வந்த அவரோட 'வைன்ஸ்பர்க், ஒஹாயோ' கதைத் தொகுப்புல திருப்பமும் கிடையாது ஒரு மண்ணும் கிடையாது, சின்ன ஊரு, உள்ளுக்குள்ளயே புழுங்குற ஜனங்க. பெரிய பத்திரிகைங்க காசு குடுத்து கேட்ட சரக்கா அது? பல கதை வந்ததே சிற்றிதழ்ல. 1927ல ஹெமிங்வே எழுதுன ஒரு கதைல, ஸ்பெயின்ல ரயிலுக்கு காத்திருக்குற ஒரு ஜோடி, பியர் குடிச்சிட்டே பேசுறாங்க, பேசுறது கருக்கலைப்பு பத்தி, அந்த வார்த்தைய கடைசி வரைக்கும் யாருமே சொல்லல!

கடைசிபெஞ்ச்: சிற்றிதழும் பத்திரிகைதான் மேடம் 😀 ரேமண்ட் கார்வர்னு ஒரு அமெரிக்க எழுத்தாளர், அவரு கதைக்கு வாங்க. பையனுக்கு பொறந்தநாள், கேக் ஆர்டர் குடுத்தாச்சு, அன்னிக்கே அவன் மேல கார் மோதிடுது, பேக்கரிக்காரன் போன் மேல போன் போடுறான். 1981 தொகுப்புல இதுக்கு பேரு 'த பாத்'. போன் வர்றதோட கட், பையன் பொழச்சானான்னே தெரியாது. வெட்டுனது எடிட்டர் கார்டன் லிஷ். இதத்தான் மினிமலிசம், அதாவது ரொம்பக் கொஞ்சமா சொல்லி மிச்சத்த விட்டுடுற பாணின்னு உலகமே கொண்டாடுச்சு.

ராஜி: 1983ல அதே கதைய கார்வர் 'எ ஸ்மால், குட் திங்'னு பெருசா போட்டாரே, அத ஏன் விட்டுட்டீங்க? பையன் செத்துடுறான், அப்பா அம்மா கோவமா பேக்கரிக்கு போறாங்க, அந்த பேக்கரிக்காரன் சூடா ரோல் (பன் மாதிரி) எடுத்துக் குடுத்து சாப்பிடுங்கன்றான், விடியற வரைக்கும் பேசிட்டே இருக்காங்க. இது எந்த எடிட்டர் செஞ்சது?

சும்மாவந்தேன்: ரெண்டும் படிச்சிருக்கேன். எனக்கு புடிச்சது லிஷ் வெட்டுனதுதான், திட்டாதீங்க. அந்த ரோல் கொஞ்சம் ஓவர்.

ராஜி: ஓவரா!! அந்த ரோலுக்காகத்தான் நான் கதையவே திரும்ப படிப்பேன்.

கடைசிபெஞ்ச்: அந்த 1981 தொகுப்ப வெளியிடாம நிறுத்துங்கன்னு 1980 ஜூலைலயே கார்வர் லிஷுக்கு கெஞ்சி லெட்டர் போட்டாரு, ஆனாலும் வெட்டுனபடியே வந்துச்சு. ஓ. ஹென்றியாவது தானா விரும்பி திருப்பம் வச்சாரு.